ஒரு பசுவால் பதவியிழந்த மந்திரி

நானும் ஒரு காலத்தில் மந்திரியாக இருந்தவள்தான். சொன்னால் என் பிள்ளைகளே நம்புகிறார்களில்லை. ஆனால் வன்னியில் எங்கள் ஊரான ஜெயபுரத்தில் அந்த நாளில் இருந்த யாரைக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வார்கள். மந்திரிமார் பதவி இழப்பதற்கு உலகத்தில் பல காரணங்கள் உண்டு. சிலர் வாக்கில் தோற்பார்கள், சிலர் கட்சி மாறப்போய்க் கவிழ்வார்கள். என்னைக் கவிழ்த்தது ஒரு பசுமாடு. அதுவும் எதிர்க்கட்சி மாடு இல்லை, எங்கள் வீட்டு மாடு. (தவிடு வைத்து வளர்த்ததற்கு நன்றி!)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டைக் காலம், எங்கள் பக்கத்துக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. வன்னிக்குள் வரக்கூடாத பொருட்களின் பட்டியலைச் சொல்வதைவிட வரக்கூடிய பொருட்களைச் சொல்வது சுகம், மூச்சு மிச்சம். சவுக்காரம் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெய் இருந்தும் இல்லை. எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் பேப்பரும் வராது. பேப்பர் இல்லாத வாசிகசாலையில் சனம் என்ன செய்யும்? கதைக்கும். கதைத்துக் கதைத்து, கொழும்பில் இருக்கிற மந்திரிமாருக்கே தெரியாத மந்திரிசபைச் செய்திகள் எல்லாம் அங்கேதான் பிறந்தன.

அந்தக் கதைகளுக்கெல்லாம் வருடத்தில் ஒருநாள் மேடை கிடைக்கும். வாசிகசாலை ஆண்டு விழாவில் கடைசி நிகழ்ச்சி நக்கல் நாடகம். கொழும்பு மந்திரி ஹெலியில் வந்து இறங்குவார், வாக்குறுதி கொடுப்பார், மாலை வாங்குவார், போவார். ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். ஆனால் சனம் ஒவ்வொரு வருடமும் பாயோடு வந்து இடம் பிடிக்கும். தேவாரத்துக்கும் பரிசளிப்புக்கும் வராதவர்கள்கூட நக்கலுக்கு வருவார்கள். எங்கள் சனம் சவுக்காரம் இல்லாமல் இருந்திருக்கிறது, வெளிச்சம் இல்லாமல் இருந்திருக்கிறது. நக்கல் இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஆனால் அந்த நக்கல் ஆம்பிளைகளின் சொத்தாக இருந்தது. மாதர் சங்கத்துக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டு: தொடக்கத்தில் வரவேற்புப் பாட்டு, முடிவில் தேத்தண்ணி. நடுவில் சிரிக்கலாம், அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு.

அந்த வருடக் கூட்டத்தில் நான் எழும்பி நின்று, "இந்தமுறை நாடகத்தை நாங்கள் செய்யிறம்" என்று சொல்லிவிட்டேன். (வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். என் வாய்க்கு வங்காளம் பக்கத்து வளவு.) வாசிகசாலைத் தலைவர் செல்லத்துரையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சிரிப்பு என்பது மீசை உள்ள இடத்தில்தான் முளைக்கும் என்று மனமார நம்பியவர்.

"பவளம், பொம்பிளையள் அழவைப்பினம், அது எனக்குத் தெரியும். நக்கல் உங்களுக்கு வராது பிள்ளை."

"எங்கட வீடுகளுக்குப் பின்னால நிண்டு கேட்டுப் பாருங்கோ அண்ணை, ஆருக்கு நக்கல் வருகுதெண்டு."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. தலைவர் யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "சரி, ஒருமுறை தாறன். சனம் சிரிச்சால், வருசா வருசம் நீங்களும் செய்யலாம். சிரிக்காட்டி, இனி இந்தக் கதையே எடுக்கப்படாது. பாட்டும் தேத்தண்ணியும்தான். சம்மதமோ?"

"சம்மதம்" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன பந்தயம் கட்டினேன் என்று விளங்கியது.

மந்திரி நான். மந்திரியின் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர், ராசாத்தி. அவளுடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறியது. ஒல்லியான பெண், ஆனால் நாக்கு அரிவாள். நான் மேடையில் 'கடமுட, லடபுட' என்று நீட்டி முழக்கிப் பேசுவேன். ராசாத்தி சனத்தைப் பார்த்து, "ஐயா 'பார்ப்போம்'னு சொல்றாங்க" என்பாள். நான் ஒரே ஒரு செருமல் செருமுவேன். அதை அவள் ரோட்டு, பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று மூச்சுவிடாமல் மொழிபெயர்ப்பாள். ஒத்திகையில் நாங்கள் சிரித்த சிரிப்பில் ராசாத்தி வீட்டுக் கோழி அடையை விட்டு எழும்பி ஓடியது. வெற்றி நிச்சயம் என்று நினைத்தோம். (தன் சோற்றைத் தானே மெச்சினால் உப்புக் குறை தெரியாது.)

இனி மைக். பழைய கசற் றேடியோ ஒன்றுக்கு மைக்கைப் பொருத்தி, அதைச் சைக்கிள் டைனமோவில் ஓட விடுவதுதான் எங்கள் ஊர் மின்சாரசபை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் ஏறியிருந்து மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். கால் நின்றால் குரலும் நிற்கும். போன வருடம் மிதித்தவர் ஒவ்வொரு பகிடிக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மைக் செத்துச் செத்துப் பிழைத்தது. ஆகவே இந்தமுறை சிரிக்காத ஆளாகப் பார்த்துப் பிடிக்கவேண்டும் என்று தீர்மானம். ஊர் முழுக்க ஒரே குரலில் ஒருவரின் பெயரைச் சொன்னது. குணம். என் மனுசன்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். மாடு பார்க்கிறவர். நல்லவர், பொறுமைசாலி, சொல் தட்டாதவர். ஆனால் சிரிக்கமாட்டார். கலியாணத்தன்று, "மாப்பிளை, கொஞ்சம் சிரியுங்கோ" என்று படப்பிடிப்பாளர் கேட்டதற்கு, "என்னத்துக்கு?" என்று கேட்டவர். நான் சொல்லாத பகிடி இல்லை, அவர் அசைந்ததில்லை. "இஞ்சாருங்கோ, இது பகிடி" என்று விளக்கியும் பார்த்திருக்கிறேன். "ஓம், விளங்குது" என்பார்.

மந்திரிக்கு வெள்ளை வேட்டி வேண்டும். அந்த நாளில் ஒரு நல்ல வெள்ளை வேட்டி என்பது சும்மா பொருளா? எங்கள் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று: குணத்தின் கலியாண வேட்டி. கேட்டேன். அவர் அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தார். "கவனம்" என்றார். அவ்வளவுதான்.

வேட்டி அலுமாரிக்குள் கிடந்து மஞ்சளாய்ப் பழுத்துப்போய் இருந்தது. தோய்க்கவேண்டும். சவுக்காரத்துக்கு எங்கே போவது? நாங்கள் அப்போதெல்லாம் பனம்பழத்தில்தான் உடுப்புத் தோய்ப்போம். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, உடுப்பில் பூசி ஊறவைத்து, கல்லில் அடித்து, பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி அலசவேண்டும். அலசுவதில்தான் சூட்சுமம். வாசம் கொஞ்சம் மிஞ்சினாலும் ஊர் மாடெல்லாம் கொடிக்குக் கீழே கூட்டம் கூடிவிடும். கொடியில் காய்கிற உடுப்புக்குப் பக்கத்தில் தடியோடு ஒருவர் காவல் இருப்பது அப்போது வீட்டுக்கு வீடு நடந்த உத்தியோகம்.

எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் புத்தி வேலை செய்யவில்லை. மந்திரியின் வேட்டி என்றால் மொடமொடவென்று நிற்கவேண்டும்; மந்திரி வருவதற்கு முன் வேட்டி வரவேண்டும். கனக்க அலசினால் துணி துவண்டுவிடும் என்று நினைத்து, பேருக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்தேன். அதோடு நின்றேனா? கஞ்சி போட்டேன். புதிதாகக் கஞ்சி காய்ச்ச அரிசிக்கு எங்கே போவது? காலையில் குடித்து மிஞ்சிய கஞ்சி இருந்தது. உப்புப் போட்ட கஞ்சி.

வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா பக்கத்து வளவுத் தங்கம்மா அக்கா. "என்னடி பவளம், வேட்டிக்குக் கஞ்சி போடுறியோ, மாட்டுக்குப் பந்தி வைக்கிறியோ?" என்று கேட்டா.

"உங்களுக்கு மந்திரிமாற்ற வேட்டியைப் பற்றி என்ன தெரியும் அக்கா?" என்று சொன்னேன்.

"எனக்கு மந்திரியைத் தெரியாது மேனை. மாட்டைத் தெரியும்."

நான் காதில் வாங்கவில்லை. பனங்களி, கஞ்சி, உப்பு. அறுசுவையில் மூன்றைக் கட்டிக்கொண்டு மேடை ஏறப்போகிறோம் என்ற அறிவு எனக்கு இருக்கவில்லை.

விழா அன்று பின்னேரம். பள்ளிக்கூட வளவில் மேடை. குணம் மாடு மேய்த்துவிட்டு நேரே வந்ததால், எங்கள் சிவலைப் பசுவை மேடைக்குப் பின்னால் ஒரு வேம்பில் கட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். முன்வரிசைக் கதிரையில் தலைவர், கையைக் கட்டிக்கொண்டு.

நான் மேடை ஏறினேன். அடுப்புக்கரியில் மீசை. வயிற்றில் தலையணை ஒன்றைக் கட்டி, மேலே குணத்தின் வெள்ளைச் சேட்டு. கீழே எனது சிவப்புப் பூப்போட்ட பாவாடை. அதை மறைத்து மொடமொடவென்று வேட்டி. தோளில் சால்வை. "கடமுட லடபுட" என்று முழங்கினேன். ராசாத்தி, "ஐயா 'பார்ப்போம்'னு சொல்றாங்க" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு இருமல் கேட்டது. பெண்கள் என்னைப் பார்ப்பதா, தலைவரின் முதுகைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். ஆண்கள், 'இதுகள் என்ன செய்யப் போகுதுகள் பார்ப்பம்' என்ற முகத்தோடு. நான் மந்திரியின் கொச்சைத் தமிழில் அடுத்த பகிடியை எடுத்தேன்: "சவுக்காரத்துக்குத் தடை இல்லை. நுரைக்குத்தான் தடை!" ஒத்திகையில் கோழியை எழுப்பிய பகிடி இது. சபையில் ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. தலைவர் கையைக் கட்டியபடி மெல்லத் தலையை ஆட்டினார், 'நான் அப்பவே சொன்னனான்' என்பதுபோல. எனக்கு வியர்த்துக் கொட்டியது. மீசை கரைந்து வாய்க்குள் போனது. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும், ஆயுள் முழுக்கவும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிற மாதர் சங்கம் என் கண்முன்னே வந்தது. எல்லோருக்குமாக நான் கேட்டேன். எல்லோருக்குமாக நான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது பின்னால் யாரோ என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள்.

ராசாத்திதான் ஏதோ சொல்ல இழுக்கிறாள் என்று நினைத்து, திரும்பாமலே கையால் தட்டிவிட்டேன். கையில் ஈரமாக, சொரசொரவென்று ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தேன். சிவலை! கயிற்றை அறுத்துக்கொண்டு, பின்திரையைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்து, என் வேட்டியின் கரையை வாய்க்குள் வாங்கி, கண்ணை மூடி ரசித்துச் சப்பிக்கொண்டு நின்றது.

நான் இழுத்தேன், அது இழுத்தது. ஒரு மனிசி இழுப்பதற்கும் ஒரு மாடு இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஊரே பார்த்தது. வேட்டி முழுசாக உருவிக்கொண்டு போனது. அதோடு வயிற்றில் கட்டியிருந்த தலையணையும் 'பொத்' என்று மேடையில் விழுந்தது. சிவப்புப் பூப்போட்ட பாவாடையோடு, கரைந்த மீசையோடு, வயிறில்லாத மந்திரியாக நான் நின்றேன்.

"மந்திரியின்ர வயிறு விழுந்திட்டுது! எங்கட நிவாரணம் உதுக்குள்ளதான்!" என்று சபையின் பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

சபை வெடித்தது. அந்தச் சிரிப்பு எனக்குச் சிரிப்பாகக் கேட்கவில்லை. காறித் துப்பியதுபோல் கேட்டது. பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது. (பூமி விழுங்கவில்லை, மாடுதான் விழுங்கிக்கொண்டிருந்தது.) இறங்கி ஓடுவோம் என்று காலை எடுத்தேன்.

சிவலை தலையை நிமிர்த்தி, "ம்ம்மா" என்றது.

ராசாத்தி அசையவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மொழிபெயர்ப்பாளரின் குரலில், மைக்கில், என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, மக்கள் பேசுறாங்க."

என் கால் நின்றது. எங்கிருந்து வந்ததோ, என் வாய் தானாகவே கேட்டது: "என்னவாம்?"

"'போன தடவ குடுத்த வாக்குறுதியத் தின்னு முடிச்சிட்டோம். இன்னும் பசிக்குது'ங்கிறாங்க."

இந்தமுறை வந்த சிரிப்பு வேறு. எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. விழுந்த தலையணையை எடுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். பாவாடையை மந்திரிமார் வேட்டியைப் பிடிப்பதுபோல் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மாட்டைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"என்ர அன்பான வாக்காளப் பெருமக்களே! தின்னுங்கோ, வெக்கப்படாமல் தின்னுங்கோ. இவ்வளவு காலமும் நாங்கள் உங்களை உரிச்சம். இண்டைக்கு நீங்கள் எங்களை உரிச்சிட்டியள். இதைத்தான் ஐயாமாரே, சனநாயகம் எண்டு சொல்லுறது!"

மைக் செத்தது.

ஏன் என்று திரும்பிப் பார்த்தேன். சைக்கிளில் ஆள் இல்லை. குணம் கீழே, மணலில், காலை நீட்டி இருந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வரவில்லை, கண்ணால் தண்ணீர் மட்டும் ஓடியது. சபை மாட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. சிலர் எழும்பி நின்று பார்த்தார்கள். "எடேய், குணம் சிரிக்கிறானடா!" என்று ஒருவர் மற்றவரைத் தட்டிச் சொன்னார்.

அதற்கு மேல் நாடகம் ஓடவில்லை, ஓடவும் தேவையில்லை. நான் பின்திரைக்குப் பின்னால் போய்ச் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இருந்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது; எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

ஆனால் தலைவர் விடுவாரா? மேடையில் ஏறி, தொண்டையைச் செருமி, மைக் இல்லாமலே பேசினார்.

"சனம் சிரிச்சது உண்மை. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா சிரிக்க வைச்சது ஆர்? மாடு. மாடு எங்கட வாசிகசாலையில அங்கத்தவர் இல்லை. ஆனபடியால்..."

"அது பொம்பிளை மாடுதானே அண்ணை!" என்று தங்கம்மா அக்கா சபைக்குள் இருந்து எழும்பினா. "இப்பவே மாதர் சங்கத்தில சேக்கிறம், எழுதிக்கொள்ளுங்கோ!"

மறுபடியும் சிரிப்பு. தலைவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "பகிடி விடாதேங்கோ. ஞாயத்தைக் கதையுங்கோ. மாடு வராட்டி நீங்கள் சிரிச்சிருப்பியளோ?"

சபை அடங்கியது. அது ஞாயமான கேள்வி. நான் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன்.

"நான் சொல்லட்டோ?" என்று ஒரு குரல்.

குணம். சபையில் அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. மேடையின் கீழே, சிவலையின் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து பறித்தெடுத்த வேட்டியின் மிச்சத்தை மறு கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சின்னனில இருந்து மாட்டோட நிக்கிறனான். மாடு சீலை தின்னும், வேலி தின்னும். ஒருக்கா என்ர தொப்பியையும் திண்டது. ஒருநாளும் எனக்குச் சிரிப்பு வரேல்லை. மாடு மேடைக்கு ஏறேக்கையும் வரேல்லை. வேட்டி உரிஞ்சேக்கையும் வரேல்லை. உங்களுக்கெல்லாம் வந்தது, நான் மிதிச்சுக்கொண்டுதான் இருந்தனான். மைக் நிண்டதே? இல்லை. இவா மாட்டைக் கும்பிட்டு ஒரு கதை சொன்னாவே, அதுக்குத்தான் வந்தது."

கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இது என்ர கலியாண வேட்டி. இது போனதையும் மறந்து சிரிச்சனான்."

யாரும் கை தட்டும்படி சொல்லவில்லை. முதலில் பெண்கள் பக்கம் தொடங்கியது, பிறகு எல்லாப் பக்கமும். செல்லத்துரையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் போட்டார். குணம் பொய் சொல்லத் தெரியாதவர் என்பது அவருக்கும் தெரியும். மைக் எப்போது நின்றது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"சரி" என்றார் தலைவர். "அடுத்த வருசமும் நீங்களே செய்யுங்கோ. ஆனா, உடுப்பை வடிவா அலசிப்போட்டு ஏறுங்கோ!"

அது அவர் விட்ட முதல் பகிடி என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். சிரிப்பு எங்கே முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த வருடம் நாங்கள் செய்தோம். மாடில்லாமல் செய்தோம். அதற்கடுத்த வருடம் சண்டையில் இடம்பெயர்ந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகும், ராசாத்தியும் நானும் ஒரு மரத்துக்குக் கீழே நின்று செய்தோம். மேடை இல்லை, மைக் இல்லை, மீசைக்குக் கரி மட்டும் தாராளமாக இருந்தது. வீட்டை விட்டுவிட்டு வந்த சனம், தறப்பாள் கொட்டில்களுக்குள்ளிருந்து எழும்பி வந்து, மந்திரியைப் பார்த்துச் சிரித்தது. நான் என் வாழ்க்கையில் வேறு பெரிதாக ஒன்றும் சாதித்தவள் இல்லை. இதைச் சாதித்தேன்.

வேட்டியின் மிச்சம் பிறகு மூத்தவனுக்குத் தூளியாகியது. குணம் திரும்பவும் சிரிக்காத மனுசனாகிவிட்டார். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டது. இப்போதெல்லாம் தேர்தல் காலம் வந்தால், எங்கள் படலை வாசலுக்கும் வாக்குக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். வெள்ளை வேட்டி, மொடமொடவென்று. கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் வாயைத் திறக்க முதல், பின்வளவிலிருந்து குணத்தின் குரல் வரும், ஒரு துளி சிரிப்பில்லாமல்:

"இஞ்சாரும், மாட்டை அவிட்டு விடட்டோ?"

பிள்ளைகள் குசினிக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொள்வார்கள். வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்காது. போனமுறை வந்த தம்பி ஒருவர் இரண்டடி பின்னால் வைத்து, "மாடு முட்டுமோ அம்மா?" என்று கேட்டார்.

"முட்டாது தம்பி" என்றேன். "நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ. அது கேக்கும்."